பூவத்துக்கு வந்த ஒரு மில்லிமீட்டர்

ஜூன் பதினோராம் தேதி காலை பதினோரு மணி வாக்கில், பூவம் தியாகராசனின் வீடு காரைக்காலை விட்டுத் தமிழ்நாட்டுக்குக் குடிபோனது. தியாகராசன் போகவில்லை. அவர் மனைவி அல்லியும் போகவில்லை. அந்த நேரத்தில் அவள் அந்த வீட்டு அடுப்படியில்தான் மத்திக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

செய்தி தெரிய நாலு நாள் ஆயிற்று.

மகள் முத்தமிழுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைக்கும் நிலை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. ஐந்து வருடமாகக் காரைக்காலில் குடியிருக்கிறார்கள் என்று ஒரு சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். கடைசித் தேதி ஜூலை பத்து. அப்பாவும் மகளும் சைக்கிளில் போய்ச் சான்றிதழ் கவுண்டரில் நின்றார்கள்.

கவுண்டரில் இருந்த அஞ்சுகம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"நீங்க தமிழ்நாடாச்சே. இங்க ஏன் வந்தீங்க?"

"இல்லீங்க, பூவம்."

"ஊரு பூவம்தான். வீடு தமிழ்நாட்டுல இருக்கு."

"எந்த வீடுங்க?"

"உங்க வீடுதான்."

"காலைல அங்கேர்ந்துதாங்க கிளம்பி வந்தோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். தமிழ்நாட்டுலேர்ந்து கிளம்பி வந்திருக்கீங்க. அடுத்த ஆளு வாங்க."

பூவத்தில் தியாகராசன் வீடுதான் தெருவின் கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் ஒரு வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வயல். வீட்டுக்கு முன்னால் கோலம் போடுகிற அளவுக்கு வாசல், அதை ஒட்டி வடிகால் வாய்க்கால், அப்புறம் ரோடு. பதினெட்டு வருடத்துக்கு முன் அரசாங்கம் இலவசப் பட்டாவில் கொடுத்த மனை அது. வீடு கட்டிக் குடியிருக்கிறவரை மட்டுமே மனை அவருக்குச் சொந்தம் என்று பட்டாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. தியாகராசன் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர். ஊரார் வீடுகளைக் கட்டிய கையோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து ஆறு வருடத்தில் தன் வீட்டைக் கட்டினார். அதைத்தான் ஒரு முகமை பதினோரு மணிக்குள் நகர்த்திவிட்டது.

முகமையின் பெயர் துல்லிய நில அளவை முகமை. ட்ரோனை வானத்தில் ஏற்றிப் படம் எடுத்து, படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, ஒவ்வொருவர் வீடும் எங்கே இருக்கிறது என்று அவரவருக்குத் தெரிவிப்பது அதன் பணி. அதற்கு முன்னால் யாருக்கும் தங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று அதிகாரபூர்வமாகத் தெரியாமல் இருந்தது.

மே மாதம் பூவத்தில் தொடக்க விழா நடந்தது. பந்தல், நாற்காலி, மைக் செட். ட்ரோனுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லாததால் மாலையோடே பறக்கவிட்டார்கள். முதல் வரிசைத் தலைகளில் பூ உதிர்ந்தது. அதை இயற்கையின் வாழ்த்து என்று மைக்கில் அறிவித்தார்கள்.

இயக்குநர் கார்த்திகேசன் பேசினார்.

"பெரியோர்களே, நான் இந்தப் பதவிக்கு வந்து ஒரு வருஷம் ஆகுது. இந்த ஒரு வருஷத்துல எங்க முகமையில ஒரு பிழை நடந்ததா யாராவது சொல்ல முடியுமா? முடியாது. ஏன்னா இன்னிக்கு வரைக்கும் நாங்க ஒரு அளவும் எடுக்கல. அந்தப் பேரை இனிமேலும் காப்பாத்துவோம். எங்க அளவுல தப்பு இருக்காது. அப்படியே இருந்தாலும், அது உங்க நிலத்துல இருக்கற தப்பாத்தான் இருக்கும்."

கைதட்டினார்கள். தியாகராசனும் தட்டினார். வடை நன்றாக இருந்தது.

ட்ரோன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டுகிற வேலை நௌஷின் என்ற பெண்ணுடையது. திருமலைராயன்பட்டினத்துக்காரி, டிப்ளமோ படித்தவள். முகமையில் ட்ரோனைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பதால், முகமையிலேயே கடைசிப் பதவியும் அவளுக்குத்தான். படங்களை ஒட்டும் முன் சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும். ட்ரோன் சொல்கிற இடத்தில் எவ்வளவு பிசகு இருக்கலாம்? நௌஷின் "ஐந்து மீட்டர்" என்று எழுதி, கோப்பைக் கையெழுத்துக்கு மேலே அனுப்பினாள்.

கீழே உள்ளவர் எழுதிய எண்ணை மேலே உள்ளவர் அப்படியே ஒப்புக்கொள்வது அந்த முகமையில் வழக்கமில்லை. ஒப்புக்கொண்டால் இருவரும் ஒரே பதவி என்று ஆகிவிடும். கண்காணிப்பாளர் நீலமேகம் ஐந்து மீட்டரை அடித்து, ஒரு மீட்டர் என்று எழுதினார். அவருக்கு மேலே இருந்தவர் பத்து சென்டிமீட்டர் ஆக்கினார். துணை இயக்குநர் ஒரு சென்டிமீட்டர் ஆக்கினார். கோப்பு இயக்குநர் மேசைக்குப் போனபோது அவர் எல்லாவற்றையும் பச்சை மையால் அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார்.

"பூஜ்யத்த சாஃப்ட்வேர் ஏத்துக்க மாட்டேங்குது சார்" என்றாள் நௌஷின்.

"சாஃப்ட்வேர் என்ன கிரேடு?"

இயக்குநர் பெருந்தன்மையோடு ஒரு மில்லிமீட்டருக்கு இறங்கி வந்தார்.

இதைத்தான் நௌஷின் முகமையின் படிக்கட்டில் நின்று தியாகராசனுக்கு விளக்கினாள். கவுண்டரிலிருந்து அவர் நேரே அங்கே வந்திருந்தார்.

"நம்ம ட்ரோன் மலிவு ட்ரோன்ணே. ஒவ்வொரு போட்டோவுக்கும் 'நான் இங்கேர்ந்து எடுத்தேன்'னு ஒரு இடம் சொல்லும். அஞ்சாறு மீட்டர் முன்ன பின்னத்தான் சொல்லும். அதுக்குத்தான் உங்க தெருவுல நாலு இடத்துல வெள்ளைப் பெயின்ட்ல குறி போட்டோம். அதையெல்லாம் சரியா அளந்து வச்சிருக்கோம். ட்ரோன் அஞ்சு மீட்டர் தப்பும்னு நாம ஒத்துக்கிட்டா, சாஃப்ட்வேர் அத விட்டுட்டு தரையில இருக்கற குறிய நம்பும். மேப்பு சரியா உக்காந்துடும். ட்ரோன் ஒரு மில்லிதான் தப்பும்னு பொய் சொன்னா, குறிய விட்டுட்டு ட்ரோனை நம்பிடும்."

"நம்பினா?"

"உங்க தெருவே வடக்க ஆறு மீட்டர் நாப்பத்திரண்டு சென்டி போயிடுச்சுண்ணே. எல்லையத் தாண்டினது ரெண்டே கட்டடம். உங்க வீடும், மேற்க இருக்கற பிராந்திக் கடையும்."

தியாகராசனுக்கு ஒரு தைரியம் வந்தது. பிராந்திக் கடை போயிருந்தால் சும்மா விடமாட்டார்கள்.

விடவில்லைதான். மறுநாள் காலை பத்து மணிக்குள் பிராந்திக் கடை காரைக்காலுக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கடைக்கு மட்டும் பிசகு ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம் எனத் தனி உத்தரவு போட்டிருந்தார்கள். வரைபடத்தில் அதன் இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் ஆறரை மீட்டர் வடக்கே கிடக்க, கடை மட்டும் ஒழுங்காக ரோட்டோரம் நின்றது.

"அதே மாதிரி எனக்கும் ஒரு உத்தரவு குடுங்களேன்" என்று நீலமேகத்திடம் கேட்டார் தியாகராசன்.

"யோவ், அது பொதுமக்கள் நலன். உன் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

தியாகராசன் உண்மையைச் சொன்னார். "பால்காரர் மட்டுந்தாங்க."

மூன்று நாள் காத்திருந்து இயக்குநரைப் பார்த்தார். கையில் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய டேப். மகளும் கூட வந்திருந்தாள்.

"சார், எங்க வீட்டுக் கொல்லைச் சுவத்துலேர்ந்து எல்லைக் கல்லு வரைக்கும் நானே அளந்தேங்க. ஒரு மீட்டர் சரியா இருக்கு. வீடு இந்தப் பக்கந்தாங்க நிக்கிது."

இயக்குநர் டேப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மில்லிமீட்டர் கோடெல்லாம் அழிஞ்சு போயிருக்கு. இத வச்சு என் மில்லிமீட்டரை எதுத்துப் பேசறீங்க."

"கல்லு பிரெஞ்சுக்காரங்க காலத்துக் கல்லுங்க. நகராதுங்க."

"எத்தனை வருஷமா?"

"நூறு வருஷத்துக்கு மேல இருக்குங்க."

"நூறு வருஷமா ஒரே இடத்துல இருக்குன்னா சந்தேகப்பட வேண்டாமா? என்னையே இந்தச் சர்வீஸ்ல எட்டுத் தடவை மாத்தியிருக்காங்க." கல் நகர்ந்திருக்கலாம் என்று கோப்பில் குறித்துக்கொண்டார். "சரி, நான் நியாயமானவன். ஒரு குழு அனுப்பறேன். வீடு இருக்கற இடத்துக்கே போய்ப் பார்க்கட்டும்."

குழு வந்தது. நீலமேகமும் இன்னும் மூன்று பேரும். அவர்களுக்குப் பின்னால் ஜி.பி.எஸ். கருவியோடு நௌஷின். வீட்டு வாசலில் அல்லி பெஞ்சு போட்டு வைத்திருந்தாள். யாரும் உட்காரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், வரப்பில் ஏறி இறங்கி, தமிழ்நாட்டு வயல் சேற்றில் கணுக்கால் புதைய நின்றார்கள்.

"சார், வீடு இங்க இருக்குங்க!" என்று கொல்லையிலிருந்து கத்தினார் தியாகராசன்.

"நாங்க வீட்டுலதான்யா நிக்கிறோம்" என்றார் நீலமேகம். காலடியைப் பார்த்து, "இது ஹாலு. நௌஷின், நீ நிக்கிறது அடுப்படி. கொஞ்சம் தள்ளிக்கோ" என்றார்.

அல்லி டீ போட்டுக்கொண்டு போனாள். ஹாலில் நின்றபடி குடித்தார்கள். தாழ்வாரம் ஈரமாக இருப்பதாக ஒருவர் குறித்துக்கொண்டார். வீடு வரைபடத்தில் உள்ள இடத்திலேயே இருப்பதை நேரில் கண்டோம், வீட்டார் உபசரித்தார்கள் என்று நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நௌஷினுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து அல்லியிடம் கொடுத்தாள். அல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, உனக்கு எல்லாம் தெரியும்ல? வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?" என்றாள் அல்லி.

"சொன்னேன்க்கா. எழுதியும் குடுத்தேன். அதையும் திருத்திக் குடுத்துட்டாங்க."

தியாகராசன் வரப்பைத் தாண்டித் தமிழ்நாட்டு வி.ஏ.ஓ.விடமும் போய்ப் பார்த்தார். நீங்களாவது ஏதாவது ஒரு சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்டார். வி.ஏ.ஓ. அடங்கல் பதிவேட்டைப் புரட்டினார். "அந்தச் சர்வே நம்பர்ல வீடெல்லாம் இல்லீங்க. சம்பா வயலு. நெல்லுக்கு வேணும்னா சான்றிதழ் தரலாம்."

ஜூன் இருபத்தாறு ஆகிவிட்டது. முத்தமிழ் நோட்டில் தேதிகளை அடித்துக்கொண்டே வந்தாள். அவள் தோழி சிவப்ரியாவுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்து, வெள்ளைக் கோட் தைக்க அளவு கொடுத்தாயிற்று. சிவப்ரியா வீடு அதே தெருவில் முதல் வீடு. அதுவும் ஆறு மீட்டர் நாற்பத்திரண்டு சென்டி நகர்ந்துதான் இருந்தது, ஆனால் அடுத்த வீட்டுக்காரர் கிணற்றுக்குள். கிணறு காரைக்காலில் இருந்ததால் சான்றிதழ் கிடைத்துவிட்டது.

இயக்குநரிடம் இரண்டாவது முறை போனபோது அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். தியாகராசனுக்கு அதிலேயே பயம் வந்தது.

"மிஸ்டர் தியாகராசன், உங்க கேஸை ராத்திரி பகலா யோசிச்சேன். மேப்பை மாத்த முடியாது. அது அரசு ஆவணம், ஆயிரத்து நானூறு பேரோட வீடு அதுல இருக்கு. ஒருத்தருக்காக அத்தனை பேரை நகர்த்தறது நியாயமா? ஆனா உங்க வீடு தனியார் சொத்து. அத நீங்க தாராளமா நகர்த்திக்கலாம். தெற்க ஆறு மீட்டர் நாற்பத்திரண்டு சென்டி. முகமை ஒரு ஆட்சேபமும் சொல்லாது. ரெண்டே நாள்ல ட்ரோனை அனுப்பிப் புது மேப்பு தர்றேன். எழுத்துல வேணும்னாலும் தர்றேன்."

"வீட்டை எப்படிங்க நகர்த்தறது?"

"டெக்னிக்கல் விஷயத்துல நான் தலையிடறதில்ல. நீங்க கட்டட வேலை பார்க்கறவர்தானே?"

"தெற்க வடிகால் வாய்க்கால் இருக்கே சார்."

"எங்க மேப்புல பாருங்க." திரையைத் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் மனைக் கோடு மட்டும் பழைய இடத்திலேயே இருக்க, வாய்க்காலும் வடக்கே போய் மனைக்குள் கிடந்தது. வீடு ஆறு மீட்டர் தெற்கே வந்தால், அச்சாக மனையின் நடுவில் உட்காரும். "பழைய வீட்டை மட்டும் விட்டு வைக்காதீங்க. படத்துல ரெண்டு வீடு தெரிஞ்சா, எது உங்க வீடுன்னு முடிவு பண்ண ஒரு குழு போடணும்."

எழுத்தில் கொடுத்தார். பச்சை மை, முத்திரை எல்லாம் இருந்தது.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அல்லிதான் முதலில் பேசினாள்.

"ஏங்க, இடிச்சுருவோம்."

"பைத்தியமா உனக்கு? ஆறு வருஷம் கட்டினேன்டி."

"வீடு திரும்பக் கட்டிக்கலாம். அவ ஒரு வருஷம் வீட்டுல உக்காந்தான்னா, அப்புறம் ஏதாவது மில்லு, கடைன்னு போயிடுவா. எத்தனை பேரப் பார்த்துட்டோம் இந்தத் தெருவுல."

"வேணாம்ப்பா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாள் முத்தமிழ். சொல்லும்போதே அழுதாள். அந்த அழுகைதான் கடப்பாரையை எடுக்க வைத்தது.

கட்டுவதற்கு ஆறு வருடம். இடிப்பதற்கு மூன்று நாள். அல்லியின் தம்பி கார்முகில் வந்து கூட நின்றான். செங்கல்லை உடையாமல் எடுத்து அடுக்கினார்கள். அடுப்படிச் சுவரை மட்டும் கடைசிவரை விட்டு வைத்திருந்தாள் அல்லி. குழு போடுவார்கள் என்ற பயத்தில் அதையும் இடித்தார்கள். தெற்கே, வாய்க்காலுக்குக் குறுக்கே மூங்கில் நட்டு, பலகை போட்டு, கீற்றுக் கொட்டகை எழுந்தது. ஆறு மீட்டர் நாற்பத்திரண்டு சென்டி. தியாகராசன் டேப்பை நாலு தடவை வைத்துப் பார்த்தார். பலகைக்கு அடியில் ஊர்ச் சாக்கடை ஓடியது.

ஜூலை ஒன்றாம் தேதி எல்லாம் தயார். ட்ரோன்தான் வரவில்லை.

அந்த வாரம் முகமையின் ட்ரோன் கருக்களாச்சேரிக் கடற்கரையில் பறந்துகொண்டிருந்தது. அங்கே பிசகு கிழக்குப் பக்கமாக அடித்தது. இயக்குநர் தன் பெயரில் கட்டிக்கொண்டிருந்த இரண்டு மாடி வீடு ஏழு மீட்டர் கிழக்கே போய், அலை வந்து போகிற ஈர மணலில் நின்றது. கடலோரச் சட்டப்படி அது இடிக்கப்பட வேண்டிய கட்டடம்.

மாலை நாலு மணிக்கு நௌஷினை இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதல் தடவையாக அவளுக்கு நாற்காலி போட்டார்கள். அரை மணி நேரத்தில் சுற்றறிக்கை வெளியாயிற்று. அறிவியலில் பணிவு முக்கியம் என்றும், இனி மாவட்டம் முழுவதற்கும் ட்ரோனின் பிசகு ஐந்து மீட்டர் என்றே எழுத வேண்டும் என்றும், இந்த எண்ணை இயக்குநர் நீண்ட ஆய்வுக்குப் பின் கண்டறிந்தார் என்றும் அதில் இருந்தது. புதிய எண்ணுக்குப் புதிய படங்கள் வேண்டும் என்பதால் பழைய படங்களை அழித்துவிட்டார்கள்.

ஜூலை ஆறாம் தேதி ட்ரோன் பூவத்துக்கு வந்தது. இந்த முறை மாலை இல்லை. எட்டாம் தேதி வரைபடம் வெளியானது. அச்சாக, அப்பழுக்கில்லாமல், உள்ளது உள்ளபடி இருந்தது. எல்லா வீடும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது. சிவப்ரியா வீடு கிணற்றிலிருந்து ஏறிவிட்டது. தியாகராசனின் கொட்டகை வாய்க்காலில் நின்றது.

ஒன்பதாம் தேதி கவுண்டரில் அஞ்சுகம் திரையை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

"இப்ப காரைக்கால்தாங்க. ஆனா இது வாய்க்கால் ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்புக்குச் சான்றிதழ் குடுக்கக்கூடாது. அதுவுமில்லாம அஞ்சு வருஷம் குடியிருந்திருக்கணும். படத்துல கீத்து பச்சை மாறல பாருங்க."

"இயக்குநர் சொல்லித்தாங்க இடிச்சேன். எழுத்துல குடுத்திருக்காரு." தியாகராசன் பச்சை மைக் காகிதத்தை நீட்டினார்.

அஞ்சுகம் படித்தாள். "ஆட்சேபம் இல்லைன்னுதானே எழுதியிருக்காரு. இடிங்கன்னு எழுதலியே."

முத்தமிழ் அப்பாவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தாள். "வாங்கப்பா, போலாம்" என்றாள். சைக்கிளை அவள்தான் மிதித்தாள்.

பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு அவள் இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போனது.

ஆகஸ்டில் இரண்டு கடிதங்கள் வந்தன. வாய்க்கால் ஆக்கிரமிப்பை ஏழு நாளில் அகற்ற வேண்டும் என்றது ஒன்று. இன்னொன்று, வீட்டுமனையில் வீடு இல்லாதது வரைபடத்தில் தெரியவந்திருப்பதால், நிபந்தனைப்படி பட்டா ரத்து செய்யப்பட்டு, மனை துல்லிய நில அளவை முகமைக்கு ஒப்படைக்கப்படுகிறது என்றது. காரைக்காலின் வட எல்லையில் நிரந்தரமான ஒரு அளவுத் தூண் நடுவதற்கு மாவட்டத்திலேயே அதுதான் பொருத்தமான காலி இடமாம்.

தூண் வேலைக்கு உள்ளூரில் ஆள் எடுத்தார்கள். கொத்தனார் வந்து தயங்கித் தயங்கிக் கூப்பிட்டபோது தியாகராசன் மறுக்கவில்லை. அல்லியும் ஜல்லி சுமக்க வந்தாள். முத்தமிழை நீலமேகம் வெள்ளைப் பலகை பிடிக்க நிற்க வைத்தார். ட்ரோன் பார்ப்பதற்கான பலகை, வெயிலில் அசையாமல் பிடிக்க வேண்டும். "படிச்ச பொண்ணு, நல்லாப் பிடிக்குது" என்று பாராட்டினார்.

நௌஷின் கருவியோடு மனைக்குள் நடந்து, ஓரிடத்தில் நின்று, சுண்ணாம்பில் குறி போட்டாள். தியாகராசன் குழி வெட்டினார். கலவை போட்டார். தூண் எழும்பியது. வழித்த கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, தூணு சரியான இடத்துலதானே நிக்கிது?"

"கைக்கருவிதானேண்ணே. அஞ்சு மீட்டர் முன்ன பின்ன இருக்கலாம்."

"பரவாயில்லியா அது?"

"அரசாங்கத் தூணுக்கு அதெல்லாம் பரவாயில்லய்யா" என்றார் நீலமேகம், நிழலிலிருந்து.

தியாகராசன் குனிந்து தூணின் அடியைப் பார்த்தார். மண்ணில் பழைய கரி ஒரு கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. அல்லி ஜல்லிக் கூடையை இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் பார்த்தாள். அடுப்பு இருந்த இடம்தான். ஒரு விரல்கடைகூடப் பிசகவில்லை.